சும்மாடு தேறிய கணக்கு: கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பால் பைத்தானுடன் ஒன்பது மாதம்

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்லை. பயந்தால் தலையை நடுவே ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். பந்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அதனால் ஒட்டிக்கொண்டது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு இது. விஷம் கிடையாது. பாம்புக்குப் பால் வார்க்கும் வேலை இந்தப் பதிவில் எங்கும் வராது.

இதை வளர்த்த பையன் படிக்கப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெற்றோருக்குப் பாம்பென்றால் நடுக்கம். ஆனாலும் சாகவிட மனமில்லாமல் எப்போதாவது தொட்டிக்குள் ஒரு உயிருள்ள எலியைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். "தம்பி, தொட்டியோட எடுத்துட்டுப் போயிடுப்பா, பாவமா இருக்கு," என்றார் அந்த அம்மா. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கேட்டு வாங்கிய பிராணி இல்லை அது.

காகிதங்களை முதலில் வாங்கிக்கொண்டேன். காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது. எங்கே பிறந்தது, எப்படிக் கைமாறியது என்பதற்கு எழுத்து இல்லாமல் யார் கொடுத்தாலும் நான் தொடமாட்டேன்.

முதல் நாள், 912 கிராம்

கண்ணாடித் தொட்டி. அடியில் மரச்சீவல், மூத்திர நெடி. தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து உள்பக்கம் வெள்ளை வளையம் கட்டியிருந்தது. ஒளிந்துகொள்ள ஒரு பொந்துகூட இல்லை. நடுவே செயற்கைச் சூட்டுக் கல், அதாவது உள்ளே ஹீட்டர் கம்பி வைத்து வார்த்த கல். அதன்மேல் சுருண்டு கிடந்தது. சுமை தூக்குகிறவர்கள் தலையில் சுருட்டி வைப்பார்களே, அழுக்கேறிய அந்தச் சும்மாடு மாதிரியே இருந்தது. பெயர் அப்போதே விழுந்துவிட்டது.

ஒன்பது வயதுப் பெண் பாம்பு, நாலடி நீளம். இந்த அளவுக்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கவேண்டும். முதுகெலும்பு கூரை முகடுபோல் துருத்தி நின்றது. நல்ல நிலையில் இருக்கும் பால் பைத்தானைக் குறுக்கே பார்த்தால் முதுகு வளைந்து உருண்டிருக்கும், இது முக்கோணம். மேலே இரண்டு மூன்று பழைய சட்டைகள் உரியாமல் அடுக்கடுக்காக ஒட்டி, தொட்டால் காய்ந்த வாழைமட்டைபோல் சரசரத்தது. இரண்டு கண்ணும் மங்கல். வால் நுனியில் பழைய தோல் மோதிரமாக இறுகி, அதற்கப்பால் ஒரு சென்டிமீட்டர் கறுத்துப்போயிருந்தது. முதுகில் எலி கடித்த தழும்புகள். பசியில்லாத பாம்போடு உயிருள்ள எலியை ஓர் இரவு அடைத்து வைத்தால் யாருக்கு யார் இரை என்பது மாறிவிடும்.

புரட்டிப் பார்த்தபோதுதான் பெரிய சேதம் தெரிந்தது. வயிற்றுச் செதில்களில் ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்பும் சிவப்புமாக வெந்த புண்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை மின்னிணைப்பில் மாட்டி, அரை மணி கழித்து அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். ஒரு மூலையில் 34 டிகிரி. ஒரு கை அகலம் தள்ளி 52. ஏன் இறங்கிப் போகவில்லை, பாம்புக்குச் சூடு உறைக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொட்டியின் மற்ற இடமெல்லாம் குளிர். உடம்பைச் சூடேற்ற இருந்தது அந்த ஒரே இடம். காற்று குளிர்ந்திருந்ததால் வயிறு வெந்தாலும் உடம்பின் உள்சூடு ஏறியிருக்காது. போக இடமில்லாததால் அங்கேயே கிடந்தது. என் ஊகம்தான் இது, ஆனால் பதினைந்தாம் நாள் இதற்கு ஒரு சாட்சி கிடைத்தது.

முதலில் பெட்டி

வந்த அன்றே குளிப்பாட்டி, ஊட்டி, தோலை உரித்துவிடத் தோன்றும். கை பரபரக்கும். ஒன்றும் செய்யவில்லை. குளிர்ந்து கிடக்கும் பாம்புக்கு இரை செரிக்காது, மருந்து சரியாக வேலை செய்யாது, நோய் எதிர்ப்பும் மந்தமாகிவிடும். அதனால் முதல் மருந்து வெப்பம்.

பழைய தொட்டியை வெளியே வைத்துவிட்டு, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பக்கங்களில் சாலிடரிங் அயர்னால் காற்றுத் துளைகள். தரையில் வெள்ளை டிஷ்யூ பேப்பர். அழகாக இருக்காது, ஆனால் எச்சம், ரத்தம், உண்ணி எது விழுந்தாலும் உடனே கண்ணில் படும். ஒரே மாதிரி இரண்டு ஒளிவிடங்கள், ஒன்று சூட்டுப் பக்கம், ஒன்று குளிர்ப் பக்கம். ஒன்று மட்டும் வைத்தால் பாதுகாப்பா வெப்பமா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பயந்த பாம்பு எப்போதும் பாதுகாப்பைத்தான் எடுக்கும்.

பெட்டிக்கு வெளியே, அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு. சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டை மாட்டினால் அதுவும் இன்னொரு சூட்டுக் கல்தான். தெர்மோஸ்டாட்டின் உணரியை மேட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே வைத்தேன். தெர்மோஸ்டாட்டில் 34 வைத்தபோது உள்ளே தரை 32 காட்டியது. பிளாஸ்டிக்கின் தடிமன் அந்த இரண்டு டிகிரியைத் தின்றுவிடுகிறது. குளிர்ப் பக்கம் 26. பாம்பை விடுவதற்கு முன் ஒரு முழு நாள் ஓடவிட்டு அளந்திருக்கவேண்டும். எனக்கு அந்த வசதி இல்லாததால் ஐந்து மணி நேரம் ஓடவிட்டேன், அதுவரை துணிப்பையில் இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே கார்ன் ஸ்னேக் என்ற வேறு இனப் பாம்பு ஒன்று இருக்கிறது. சும்மாட்டுக்கு வேறு அறை. தினமும் பழையதை முதலில் கவனித்துவிட்டு, கடைசியாகத்தான் புதியதிடம் போவது. திரும்பி வந்ததும் கை கழுவி, சட்டை மாற்றுவது. ஊர்வனவற்றிடமிருந்து நமக்குத் தொற்றும் சால்மோனெல்லா கிருமிக்காக எப்படியும் கை கழுவவேண்டும்தான். ஆனால் இங்கே உண்ணிதான் என் பயம். மூன்று மாதம் இப்படி.

உண்ணி

இரண்டாம் நாள் காலை டிஷ்யூவில் மிளகைத் தூளாக்கித் தூவியதுபோல் கரும்புள்ளிகள். சில நடந்தன. தண்ணீர்க் கிண்ணத்தில் இருபது முப்பது மிதந்தன.

பாம்பு உண்ணி ரத்தத்தைக் குடிப்பது பாம்பின்மேல், முட்டையிடுவது பாம்புக்கு வெளியே, இடுக்குகளில். அதனால் பாம்பை மட்டும் துடைத்தால் பாதி வேலைகூட ஆகாது. முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணிவரை நல்ல வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம். நாம் கொடுக்கிற வெப்பம் அதற்கும் வசதிதான்.

ஈரப் பஞ்சால் கண்ணோரம், தாடையின் அடிப் பள்ளம், கழிவுத்துளையின் இருபக்கம் என்று துடைத்துக்கொண்டு வந்தேன். மலைப்பாம்புகளுக்குக் கழிவுத்துளையின் இருபுறமும் நகம்போல் இரண்டு முள் நீட்டிக்கொண்டிருக்கும். முன்னொரு காலத்துக் கால்களின் மிச்சம். பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். உண்ணியும் அறியும், அந்த முள்ளுக்கு அடியில்தான் கொத்தாக உட்கார்ந்திருந்தன.

மருத்துவர் எழுதிக்கொடுத்த தெளிப்பு மருந்தை அவர் சொன்ன முறையில் மட்டும் பயன்படுத்தினேன். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். ஊர்வனவற்றுக்கு மருந்தின் கணக்கே வேறு. பல பிராணிகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமையைக் கொன்றுவிடும். டிஷ்யூவைத் தினமும் மாற்றி, பழையதைப் பையில் கட்டி அன்றே வெளியேற்றினேன். ஒளிவிடங்களாக மரமும் கல்லும் வைக்காமல் அட்டைப்பெட்டி. வாரம் ஒருமுறை தூக்கிப்போட்டுப் புதிது. 26ஆம் நாள் கடைசி உண்ணியைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஆறு வாரம் டிஷ்யூதான்.

ஈரமும் உலர்வும்

மூன்றாம் நாள் ஊர்வன வைத்தியம் தெரிந்த மருத்துவரிடம் போனோம். வாயைத் திறந்து ஈறில் சீழ்க்கட்டி இருக்கிறதா பார்த்தார், இல்லை. மூச்சில் கரகரப்பு இல்லை, மூக்கில் நுரை இல்லை. அது பெரிய ஆறுதல், ஏனென்றால் குளிரில் கிடந்த பாம்புக்கு நுரையீரல் தொற்றுதான் முதலில் வரும். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். புண்ணுக்கு சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு. கூடவே நுண்ணுயிர்க்கொல்லி ஊசி, 72 மணிக்கு ஒன்று. நமக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை போடுகிற மருந்து, இவற்றின் உடம்பில் மெல்லக் கரைவதால் மூன்று நாள் தாங்குகிறது. ஊசியை எப்போதும் உடம்பின் முன்பாதியில்தான் போடச் சொன்னார். பின்பாதியின் ரத்தம் சிறுநீரகம் வழியாகப் போகும் அமைப்பு இவற்றுக்கு உண்டு, அங்கே போட்டால் மருந்து நேரே சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பினார். முதல் ஊசியில் என் கைதான் அதிகம் நடுங்கியது.

இனிதான் சிக்கல். உரியாத சட்டைக்கு ஈரம் வேண்டும். வயிற்றுப் புண்ணுக்கு உலர்வு வேண்டும். இரண்டும் ஒரே பாம்பின் இரண்டு பக்கம். ஈரப் பாசியில் கிடக்கவிட்டால் மேலே சட்டை ஊறும், கீழே செதில் அழுகும். இதோடு உண்ணி அரிப்புக்குப் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. புண் நாள் முழுக்க நனைகிறது.

இரண்டு கிண்ணமாகப் பிரித்தேன். குடிப்பதற்கு, உடம்பு நுழையாத குறுகிய கனமான கிண்ணம் குளிர்ப் பக்கம். சூட்டுப் பக்கம், மூடியில் நிறையத் துளைபோட்ட ஒரு அகன்ற டப்பா நிறையத் தண்ணீர். பாம்பு உள்ளே போகமுடியாது, ஆனால் ஆவி வரும். தரை உலர்ந்த டிஷ்யூ, காற்று மட்டும் ஈரம். ஈரப்பதம் 40இலிருந்து ஒரே நாளில் 65க்கு ஏறியது. இந்த ஒன்பது மாதத்தில் நான் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது இந்தத் துளைபோட்ட டப்பாதான். செலவே இல்லை.

வயிற்றில் பொருக்குத் தட்டிய பிறகு, பதினேழாம் நாளிலிருந்து ஈரப் பாசி வைத்த ஒளிவிடம் கொடுத்தேன். இரண்டு முறை மட்டும் 29 டிகிரி தண்ணீரில் விரலளவு ஆழத்தில் இருபது நிமிடம் விட்டு, ஈரத் துண்டுக்குள் தானாக ஊர்ந்துபோகவிட்டேன். பழைய சட்டை துண்டில் துணுக்குத் துணுக்காக வந்தது. பிய்க்கவில்லை. கண்ணை மட்டும் தொடவே இல்லை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது ஒரு கண்ணாடிச் செதில், சட்டையோடு அதுவும் உரியவேண்டும். ஒட்டுநாடா வைத்து இழு, இடுக்கியால் கிள்ளு என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. பழைய செதிலோடு புதியதும் வந்துவிட்டால் கண் போய்விடும். அடுத்த உரிப்புவரை பொறுக்கலாம் என்றார் மருத்துவர். வால் நுனியின் மோதிரத்தை அவரே வெட்டிவிட்டார். கறுத்த பகுதி மூன்றாவது வாரத்தில் உலர்ந்த குச்சியாக டிஷ்யூவில் கிடந்தது.

பதினைந்தாம் நாள்: என் தவறு ஒன்று

உணரியைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தேன். சூட்டில் பசை இளகி, இரவு எப்போதோ நழுவித் தரையில் விழுந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டுக்கு அறையின் குளிர்தான் தெரிந்தது. "இன்னும் சூடு போதவில்லை" என்று மேட்டை விடாமல் ஓட்டியிருக்கிறது. காலையில் வழக்கமான அளவு எடுத்தபோது பெட்டித் தரை 41.

சும்மாடு அங்கே இல்லை. குளிர்ப் பக்கத்து அட்டைப்பெட்டிக்குள், சூட்டுக்கு எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இருந்தது. அங்கே 27. இதுதான் நான் சொன்ன சாட்சி. போக இடம் இருந்தபோது போய்விட்டது.

அன்றே உணரியை அலுமினியத் தகடு ஒட்டுநாடாவால் ஒட்டி, மேலே ஒரு கேபிள் டையும் போட்டேன். 36ஐத் தாண்டினால் அலறும் இரண்டாவது வெப்பமானியும் வைத்தேன். ஒட்டுநாடா எதுவானாலும் பெட்டிக்கு வெளியே மட்டும். உள்ளே ஒட்டினால் ஒரு நாள் பாம்பின் தோலில் ஒட்டும், பிரிக்கும்போது செதிலும் வரும்.

இரை

பத்தாம் நாள் 957 கிராம். ஒன்றும் சாப்பிடாமல் 45 கிராம் ஏறியிருந்தது, அத்தனையும் தண்ணீர். முதலில் வந்த யூரேட், அதாவது பாம்பின் கெட்டியான சிறுநீர்க் கழிவு, மஞ்சள் பாரித்துச் செங்கல் துண்டுபோல் இருந்தது. 19ஆம் நாள் வெள்ளையாக, மெத்தென்று. உடம்பில் நீர் சேர்ந்ததற்கு அதுதான் எனக்கு அத்தாட்சி. பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக இரையை இறக்கினால் ரத்தத்தின் உப்புக் கணக்கு குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

23ஆம் நாள், உறையவைத்து உருக்கிய 40 கிராம் எலி. மேலுதட்டுக் குழிகளால் இது வெப்பத்தைப் "பார்க்கிறது", அதனால் எலி 38 டிகிரிக்கு மேல் இருக்கவேண்டும். வெந்நீரில் பையோடு வைத்து, கடைசியாகத் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, நீளமான இடுக்கியால் நீட்டினேன். உயிருள்ள எலியை மட்டுமே அறிந்த பாம்பு எடுக்குமா என்று சந்தேகம். நாக்கு நான்கு முறை வெளியே வந்தது. அடுத்தது எனக்குத் தெரியவில்லை. கண் சிமிட்டுவதற்குள் எலி சுருளுக்குள் இருந்தது.

30ஆம் நாள் 45 கிராம், அதுவும் செரித்தது. அங்கே எனக்குத் தலைக்கனம் ஏறியது. 37ஆம் நாள் 90 கிராம் கொடுத்தேன். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, தேறிய பாம்புக்குச் சரியான அளவு. இது தேறவில்லை. போதாததற்கு இரண்டாம் நாளே தூக்கி எடை பார்த்தேன். 40ஆம் நாள் காலை அறைக்கதவைத் திறந்ததும் நெடி. பாதி கரைந்த எலியைக் கக்கியிருந்தது.

பாம்பு கக்குவது நாய் கக்குவதுபோல் லேசான விஷயம் இல்லை. செரிமான அமிலம் தொண்டையைப் புண்ணாக்கும், வயிற்றின் நல்ல கிருமிகளும் போய்விடும். உடனே மறுபடி கொடுத்தால் மறுபடி கக்கும். எடை 921. ஒரு மாத வேலை ஒரு எலியில் போனது. மூன்று வாரம் தண்ணீர் மட்டும். எடை பார்க்கக்கூட தொடவில்லை. 61ஆம் நாள் 30 கிராம் குட்டியிலிருந்து மறுபடி தொடக்கம். அதற்குப் பிறகு இரை விழுங்கினால் நான்கு நாள் அந்த அறையில் விளக்குகூடப் போடுவதில்லை.

ஐந்தாம் மாதம் தொடங்கி ஏழு வாரம் எதையும் எடுக்கவில்லை. பால் பைத்தான் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. மாதக்கணக்கில் மறுக்கும் இனம். எடை எட்டு கிராம்தான் குறைந்தது, அதனால் விட்டுவிட்டேன். பிறகு ஒரு இரவு ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துக்கொண்டது.

எடைக் கணக்கு

குறிப்பேட்டிலிருந்து: மூன்றாம் மாத முடிவில் 984. நான்காம் மாதம் 1,040. ஏழாம் மாதம் 1,196. ஒன்பதாம் மாதம் 1,385. முதுகெலும்பை இப்போது விரலால் தேடவேண்டும்.

ஒன்பது வயது வயதானதில்லையா, இவ்வளவு மெனக்கெடவேண்டுமா என்றும் கேட்டார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. சும்மாடு சின்னப் பெண்.

தோல் கதைக்கு வருகிறேன். முதல் உரிப்பு 34ஆம் நாள், கந்தல் கந்தலாக. இடது கண்ணின் செதில் மட்டும் வந்தது. தோல் புண்ணான பாம்பு அடிக்கடி உரிக்கும் என்பது உண்மைதான். அடுத்தது 70ஆம் நாளே வந்தது. அதில் வலது கண்ணிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு செதில் கழன்றிருந்தன. மங்கல் போய்க் கண் கறுப்புக் கண்ணாடிமணியாக ஆனது. வயிற்றுப் புண் ஒவ்வொரு உரிப்புக்கும் ஓரத்திலிருந்து சுருங்கியது. இப்போது அங்கே செதில்கள் வரிசை தப்பி, கொஞ்சம் வெளிறி இருக்கின்றன. அந்தத் தழும்பு போகாது.

போன வாரம் கண் நீலம் பாரித்தது, நான்கைந்து நாளில் தெளிந்தது, நேற்று இரவு உரித்துவிட்டது. காலையில் பார்த்தால் பாசிப்பெட்டியின் வாசலில் காலுறையைக் கழற்றிப்போட்டதுபோல் ஒரே துண்டாக, உள்வெளியாகப் புரண்டு கிடந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். கண் செதில் இரண்டும் இருந்தன. வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் வரிசை தப்பிய செதில்கள். வால் நுனி கூராக முடியாமல் மொட்டையாக நின்றது.